மெல்பர்னின் பழைய ஃபுட்டி மைதானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னில் என் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே ரயிலில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிவிடுவேன். கிளென்ஃபெரி நிலையத்தை நெருங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கட்டாயம் தலையைத் திருப்புவார். சிவப்புச் செங்கல்லில் வளைந்து நிற்கும் பெரிய கேலரி, அதன் முன்னால் பச்சைப் புல்வெளி. ஆட்டமும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே தொடங்கும் கேள்விகள் வீடு திரும்பும்வரை ஓயாது. ஊரிலிருந்து வந்த பெரியப்பாவும், படிக்க வந்த பிள்ளைகளும், எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஃபுட்பால் என்கிறீர்கள். ஆனால் பந்தைக் கையில் பிடிக்கிறார்கள், மைதானமும் கிரிக்கெட் மைதானம்போல இருக்கிறதே?

இது உலகக் கோப்பைக் கால்பந்து இல்லை. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். இங்குள்ளவர்கள் செல்லமாக ‘ஃபுட்டி’ என்பார்கள். ஒரு அணிக்குக் களத்தில் 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளிகள், பக்கவாட்டு இடைவெளியில் போனால் ஒரு புள்ளி.

மைதானம் கிரிக்கெட் மைதானம்போல இருப்பதற்குக் காரணம், அது கிரிக்கெட் மைதானமேதான். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடம்பு இறுகிப் போகாமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று டாம் வில்ஸ் 1858இல் எழுதினார். 1859இல் மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்டன. கோடையில் கிரிக்கெட், குளிரில் ஃபுட்டி என்று ஒரே புல்லை இரண்டு ஆட்டங்களும் பங்கிட்டுக்கொண்டன. இந்தப் பங்காளி உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே ஊரில் எதற்கு இத்தனை மைதானங்கள்?

கிளப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: காலிங்வுட், கார்ல்டன், ரிச்மண்ட், ஃபுட்ஸ்கிரே, ஹாதார்ன். எல்லாம் பேட்டைகளின் பெயர்கள். மயிலாப்பூருக்கு ஒன்று, ராயபுரத்துக்கு ஒன்று, பெரம்பூருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1897இல் விக்டோரியன் ஃபுட்பால் லீக், அதாவது விஎஃப்எல், எட்டு கிளப்புகளுடன் ஆடத் தொடங்கியது. 1925இல் அது பன்னிரண்டானது. ஜீலாங் மட்டும் வெளியூர். மற்ற பதினொன்றும் மெல்பர்னுக்குள்ளேயே, பல கிளப்புகள் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து போகும் தூரத்தில் இருந்தன.

சனிக்கிழமை மதியம் ஆறு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்கும். தொழிற்சாலையில் அரைநாள் வேலை முடித்தவர்கள் அப்படியே நடந்தோ டிராமிலோ தங்கள் பேட்டை மைதானத்துக்குப் போவார்கள். ஒரே மணிக்கு ஆறு ஆட்டங்கள் என்றால் ஆறு மைதானங்கள் வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

இப்போது பெரிய ஆட்டங்கள் எங்கே நடக்கின்றன?

விஎஃப்எல் 1990இல் ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் (ஏஎஃப்எல்) என்று பெயர் மாற்றிக்கொண்டது. மெல்பர்னில் இன்று ஒன்பது ஏஎஃப்எல் கிளப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டே மைதானங்கள்: ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் உட்காரும் எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்ட்), 2000இல் திறக்கப்பட்ட கூரை மூடும் டாக்லாண்ட்ஸ் ஸ்டேடியம். ஜீலாங் மட்டும் 1941 முதல் தன்னுடைய கார்டினியா பார்க்கிலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து அணிகளில் சொந்த ஊர், சொந்தப் புல் என்று இருப்பது அது ஒன்றுதான். ஜீலாங்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்கள்.

எந்த மைதானம் எந்த ஆண்டில் கைவிடப்பட்டது?

ஒரே நாளில் நடந்ததில்லை, நாற்பது ஆண்டுகள் இழுத்தது. ரிச்மண்ட் 1964இல் பண்ட் ரோட்டில் கடைசி ஆண்டு ஆடிவிட்டு, எதிரே தெரியும் எம்சிஜிக்குப் போனது. அதே ஆண்டில் செயின்ட் கில்டா ஜங்ஷன் ஓவலை விட்டு மூராபினுக்குக் குடிபெயர்ந்தது. ஃபிட்ஸ்ராய் 1966இல் பிரன்ஸ்விக் தெரு ஓவலைவிட்டுப் போனது. ஹாதார்ன் கிளென்ஃபெரியில் கடைசியாக ஆடியது 1973இல். சவுத் மெல்பர்னின் லேக் ஓவல் 1981, நார்த் மெல்பர்னின் ஆர்டன் தெரு 1985, எசண்டனின் விண்டி ஹில் 1991, மூராபின் 1992, ஃபுட்ஸ்கிரேயின் விட்டன் ஓவல் 1997, காலிங்வுட்டின் விக்டோரியா பார்க் 1999.

கடைசிவரை தாக்குப்பிடித்தது கார்ல்டனின் பிரின்சஸ் பார்க். மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த 1997இல் கார்ல்டன் அங்கே புதிய கேலரி எழுப்பியது. எட்டே ஆண்டுகள் கழித்து, 2005 மே 21 அன்று, அங்கே கடைசி ஏஎஃப்எல் ஆட்டம் நடந்தது. மெல்பர்ன் அணியிடம் தோற்றுத்தான் விடைபெற்றார்கள்.

அவ்வளவு கூட்டம் வந்த இடங்களாம். பிறகு ஏன் மூடினார்கள்?

கூட்டம் வந்தது உண்மை. 1948இல் விக்டோரியா பார்க்கில் ஓர் ஆட்டத்துக்கு 47,224 பேர். 1965இல் மூராபினின் முதல் ஆட்டத்துக்கு 51,370 பேர். 1945 இறுதிப் போட்டிக்குப் பிரின்சஸ் பார்க்கில் 62,986 பேர். ஆனால் அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். கேலரி என்பது உறுப்பினர்களுக்கு. மற்றவர்கள் ‘அவுட்டர்’ என்ற திறந்தவெளிச் சரிவில் மழையிலும் நின்றுகொண்டே பார்த்தார்கள். முன்னால் நிற்பவரின் தலை மறைத்தால், குடித்து முடித்த பீர் தகர டப்பாக்களை அடுக்கி அதன்மேல் ஏறி நின்றார்கள். ஆட்டம் முடிவதற்குள் உயரம் கூடும் என்பது கேலி. முழுக்கக் கேலியும் இல்லை. கழிப்பறை வசதியைப் பற்றி எழுதாமல் விடுவது நாகரிகம்.

அந்தத் தலைமுறை இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. 1980களில் பொறுக்கமுடியாமல் போனது. சவுத் மெல்பர்ன் 1982இல் சிட்னிக்குப் போனது, 1987இல் பெர்த்திலிருந்தும் பிரிஸ்பேனிலிருந்தும் புதிய அணிகள் வந்தன. பேட்டை லீக் தேசிய லீக் ஆனதும் ஆட்டங்கள் வெள்ளி இரவு, ஞாயிறு மதியம் என்று தொலைக்காட்சிக்காகப் பிரிந்தன. இரண்டாவது கேள்வியில் சொன்ன ‘ஆறு ஆட்டங்களுக்கு ஆறு மைதானங்கள்’ என்ற கணக்கு அதோடு செத்தது. ஒரே மைதானத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூன்று ஆட்டங்கள் நடத்தலாம் என்றானபின், பத்து மைதானங்களில் கூரை ஒழுகுவதை யார் சரிசெய்வார்கள்?

பணமும் ஒரு காரணம். இருக்கை, விளக்கு, நிறுவனங்களுக்கான தனி அறைகள் எல்லாம் பெரிய ஸ்டேடியத்தில்தான் கட்டுப்படியாகும். நிலமும் கிளப்புடையது இல்லாததால் தன் பணத்தைக் கொட்டிக் கட்ட யோசித்தார்கள். பல இடங்களில் கிரிக்கெட் கிளப்பையும் கேட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டும். மேலே சொன்ன பங்காளி இவர்தான்.

காலியான மைதானங்களை விற்று அடுக்குமாடி கட்டிவிட்டார்களா?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மெல்பர்ன் நிலத்தின் விலை தெரிந்தவர்கள் வேறெப்படி நினைக்க முடியும்? ஆனால் நான்காவது கேள்வியில் உள்ள பட்டியலை எடுத்துக்கொண்டு இன்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பாருங்கள். அத்தனையும் இன்னும் விளையாட்டுத் திடல்களாகவே இருக்கின்றன. ஒன்றில்கூட அடுக்குமாடி முளைக்கவில்லை.

காரணம், இந்த நிலங்கள் கிளப்புகளுக்குச் சொந்தமானவை அல்ல. அரசு பொதுப் பூங்காவாக ஒதுக்கிய நிலம் அல்லது நகராட்சியின் நிலம். எதிர்வீட்டு அக்காவிடம் ‘முடிக்குரிய காணி’ என்றேன், உடனே புரிந்துகொண்டார். நம் ஊரில் மந்தைவெளி, மேய்க்கால் புறம்போக்கு என்று பழைய பத்திரங்களில் வருமே, அந்த வகை. நம் புறம்போக்குகள் என்ன ஆயின என்பது வேறு கதை. இங்கே கிளப் வெறும் குடித்தனக்காரர். குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போகலாம், வீட்டை விற்க முடியாது. கிளப்புகளுக்கு நூறு ஆண்டுகளாக எரிச்சலைக் கிளப்பிய அதே ஏற்பாடுதான் கடைசியில் மைதானங்களைக் காப்பாற்றியது.

அப்படியானால் வேவர்லி பார்க்கில் மட்டும் வீடுகள் இருக்கின்றனவே?

நல்ல கேள்வி. வேவர்லி பார்க் எந்தப் பேட்டை கிளப்புக்கும் உரியதில்லை. அரசையும் கிரிக்கெட்காரர்களையும் நம்பியிருக்கக் கூடாது என்று லீக்கே 1960களில் மல்கிரேவ் பக்கம் பண்ணை நிலம் வாங்கிக் கட்டியது. 1970இல் திறந்தார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் என்பது திட்டம். அந்த அளவுக்குக் கட்டி முடிக்கவே இல்லை. ரயில் பாதை வரும் என்றார்கள், வரவில்லை. 1981 ஜூனில் ஹாதார்ன், காலிங்வுட் ஆட்டத்துக்கு 92,935 பேர் வந்தார்கள். ஆட்டம் முடிந்தபின் அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் வெளியேறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குளிரும் சாரலும் அடிக்கும் இடம் என்பதால் ‘ஆர்க்டிக் பார்க்’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. 1996இல் ஓர் இரவு ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போய், மிச்ச ஆட்டத்தைச் சில நாள் கழித்து ஆடினார்கள்.

டாக்லாண்ட்ஸ் வருவது உறுதியானதும் லீக் 1999உடன் வேவர்லியை மூடி, பிறகு கட்டுமான நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. சொந்தப் பட்டா இருந்ததால் விற்க முடிந்தது. கார் நிறுத்துமிடம் முழுவதும் வீடுகளாயிற்று. நடுவில் ஓவலும் பிரதான கேலரியின் ஒரு பகுதியும் பாரம்பரியச் சின்னமாக நிற்கின்றன. தெருவில் கார் கழுவிக்கொண்டிருப்பவரின் பின்னால் ஸ்டேடியத்தின் கான்கிரீட் எழுந்து நிற்கும் காட்சி விசித்திரமானது. பெரிதாக, புதிதாக, சொந்தமாகக் கட்டியது முப்பதே ஆண்டுகளில் போனது. சேறும் சகதியுமான பழையவை மிஞ்சின. இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்புத்தான் வருகிறது.

பழைய மைதானங்கள் இப்போது என்னவாக இருக்கின்றன?

ஒவ்வொன்றும் ஒரு விதம். ஜங்ஷன் ஓவல் முழுக்கக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. 2018 முதல் விக்டோரியா மாநிலக் கிரிக்கெட்டின் தலைமையிடம். பங்காளிச் சண்டையில் கிரிக்கெட் ஜெயித்த இடம் என்று சொல்லலாம். லேக் ஓவலின் பயணம்தான் வளைந்து நெளிந்தது: 1995இல் அது உலகக் கால்பந்து ஸ்டேடியமாக மாறியது, 2011இல் ஓட்டப்பந்தயத் தடமும் சேர்ந்தது. ஆனால் 1926இல் கட்டிய பழைய கேலரி மட்டும் ஓரமாக, விருந்துக்கு வந்து மறந்துபோன பெரியவர்போல உட்கார்ந்திருக்கிறது.

ஆர்டன் தெரு, பண்ட் ரோடு, மூராபின், விட்டன் ஓவல் ஆகியவை கிளப்புகளின் பயிற்சி இடங்களாகவும் அலுவலகங்களாகவும் இருக்கின்றன. விட்டன் ஓவலில் குழந்தைகள் காப்பகம்கூட உண்டு. 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் (ஃபுட்ஸ்கிரேயின் இன்றைய பெயர்) 62 ஆண்டுகள் கழித்துக் கோப்பை வென்றபோது, எம்சிஜியில் இடம் கிடைக்காதவர்கள் விட்டன் ஓவலில் பெரிய திரையில்தான் ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஆட்டம் அங்கே இல்லை, ஆனால் அழுவதற்கும் கட்டிப்பிடிப்பதற்கும் அந்தப் புல்லுக்குத்தான் வந்தார்கள்.

விக்டோரியா பார்க் என்றதும் எல்லோரும் ஒரு புகைப்படத்தைச் சொல்கிறார்களே, அது என்ன?

1993 ஏப்ரல் 17. செயின்ட் கில்டா அணியின் நிக்கி வின்மார், ஆஸ்திரேலியப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அன்று முழுவதும் காலிங்வுட் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவரையும் சக பூர்வகுடி வீரரையும் நிறத்தைச் சொல்லி வசைபாடினார்கள். செயின்ட் கில்டா ஜெயித்தது. 1976க்குப் பிறகு அந்த மைதானத்தில் அதற்குக் கிடைத்த முதல் வெற்றி. ஆட்டம் முடிந்ததும் வின்மார் கூட்டத்தைப் பார்த்து நின்று, பனியனைத் தூக்கி, தன் கறுப்புத் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். அந்தக் கணம் படமானது. 1995இல் லீக் இனவெறி வசைக்கு எதிராக விதி கொண்டுவந்ததற்குப் பின்னால் இதுபோன்ற நிகழ்வுகள் இருக்கின்றன. பெர்த் ஸ்டேடியத்தின் வெளியே 2019 முதல் அவர் அதே நிலையில் சிலையாக நிற்கிறார்.

பழைய மைதானங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்கலங்கிப் பேசுவார்கள். எனக்கும் அவற்றின்மேல் பிரியம் உண்டு. ஆனால் அவுட்டரின் நெருக்கம் என்பது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு என்னவாக இருந்தது என்பதை இந்தப் படம் சொல்கிறது. விடியற்காலையில் நான் அங்கே நடக்கப் போவதுண்டு. சுற்றுச்சுவரை எடுத்துவிட்டதால் யாரும் நுழையலாம். நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர், பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண், பின்னால் பழைய கேலரிகள். வெளியூர்க்காரர்கள் வரவே அஞ்சிய இடம் என்று சொன்னால் அவர்கள் நம்புவார்களா தெரியவில்லை.

கிளப்பே இல்லாமல் போனால் மைதானம் என்ன ஆகும்?

ஃபிட்ஸ்ராயின் கதை இது. 1966இல் சொந்த மைதானத்தை விட்டபின் அது பிரின்சஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்சஸ் பார்க், விட்டன் ஓவல் என்று முப்பது ஆண்டுகள் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் இடமாற்றத்திலும் கொஞ்சம் ரசிகர்கள், கொஞ்சம் பணம் கழன்றது. 1996 செப்டம்பர் 1 அன்று பெர்த்தின் சுபியாகோ ஓவலில் கடைசி ஆட்டம். அதன்பின் பிரிஸ்பேன் அணியோடு இணைத்துவிட்டார்கள்.

பிரன்ஸ்விக் தெரு ஓவலோ அப்படியே இருக்கிறது. 1888இல் கட்டிய மரக் கேலரி, இரும்பு வேலைப்பாட்டோடு, எடின்பரோ தோட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது. ஃபிட்ஸ்ராய் என்ற பெயரும் அமெச்சூர் லீக்கில் மறுபிறவி எடுத்து, 2009 முதல் அதே புல்லில் ஆடுகிறது. வீட்டைத் தொலைத்த கிளப் கடைசியில் அந்த வீட்டுக்கே திரும்பிவந்திருக்கிறது; முன்புபோல வசதியாக இல்லை, அவ்வளவுதான்.

பெண்கள் ஆட்டம் பழைய மைதானங்களைக் காப்பாற்றியது என்கிறார்களே, உண்மையா?

நிலத்தைக் காப்பாற்றியது என்றால் மிகை. ஆறாவது பதிலில் சொன்ன நில உரிமைதான் அதைச் செய்தது. ஆனால் அவற்றுக்கு மறுபடி ஒரு வேலை கொடுத்தது பெண்கள் லீக்தான். 2017 பிப்ரவரி 3 அன்று ஏஎஃப்எல் பெண்கள் லீக்கின் முதல் ஆட்டம், கார்ல்டனும் காலிங்வுட்டும். சிறிய மைதானத்தில் வைத்திருந்தார்கள். கூட்டம் வரும் என்று தெரிந்ததும் பிரின்சஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அதுவும் போதவில்லை. 24,568 பேர் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். லீக்கின் தலைமை நிர்வாகி வெளியே வந்து, நுழைய முடியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். எம்சிஜிக்குச் சிறியது, பள்ளி மைதானத்துக்குப் பெரியது என்ற இந்த நடுத்தர அளவுக்குப் பழைய மைதானங்கள்தான் பொருத்தம்.

அடிலெய்டிலும் பெர்த்திலும் இதே கதைதானா?

பாதி அதே கதை. அடிலெய்டில் ஃபுட்பால் பார்க் என்ற மைதானத்தை மாநில லீக் 1974இல் சொந்தமாகக் கட்டியது. 2014இல் பெரிய ஆட்டங்கள் அடிலெய்டு ஓவலுக்குப் போயின, ஃபுட்பால் பார்க் இடிபட்டு வீடுகளாயிற்று; புல்வெளி மட்டும் மிச்சம். வேவர்லியின் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் அதே அடிலெய்டில் நார்வுட், ஆல்பர்டன், கிளெனெல்க் போன்ற பேட்டை மைதானங்களில் மாநில லீக் ஆட்டங்கள் இன்றும் வாராவாரம் நடக்கின்றன. அங்கே பேட்டை கிளப்புகள் தேசிய லீக்குக்குள் மொத்தமாக இழுக்கப்படவில்லை என்பதே காரணம்.

பெர்த்தின் சுபியாகோ ஓவலில் 2017இல் கடைசி ஏஎஃப்எல் ஆட்டம். ஆற்றங்கரையில் புதிய ஸ்டேடியம் 2018இல் திறந்தது. 2019இல் சுபியாகோவை இடித்தார்கள். ஃபிட்ஸ்ராய் கடைசி மூச்சு விட்ட கேலரியும் போயிற்று. 1935இல் கட்டிய நுழைவாயிலும் ஆடுகளமும் மிஞ்சின. பக்கத்தில் எழுந்த அரசுப் பள்ளியின் பிள்ளைகள் இப்போது அந்தப் புல்லில் ஓடுகிறார்கள்.

பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் கவலை இல்லைதானே?

அறிவிப்பு கல்லையும் செங்கல்லையும்தான் காக்கும். கிளென்ஃபெரியின் 1938ஆம் ஆண்டுக் கேலரி பட்டியலில் இருப்பதால் இடிபடவில்லை. ஆனால் அதில் உட்கார்ந்து கத்திய சத்தத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? சுபியாகோவில் வாயில் சின்னமாயிற்று. வாயில் எதற்குள் போவதற்காக இருந்ததோ அது இல்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எது எஞ்ச வேண்டும் என்று முடிவெடுக்கும்போது கட்டடம் சுலபமாகக் கண்ணில் படுகிறது. மெல்பர்ன் எம்சிஜியின் பழைய ஸ்கோர்போர்டு 1980களில் கழற்றப்பட்டு கான்பெராவின் மனுக்கா ஓவலுக்குப் போனது. இன்றும் அங்கே எழுத்துப் பலகைகளை மாற்றி ஸ்கோர் காட்டுகிறார்கள். வேலை செய்யும் சின்னம் என்றால் எனக்கு அதுதான்.

கிளப்புகள் பயிற்சி இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கின்றனவே, ஏன்?

எம்சிஜி அளவுக்கு ஆடுகளம், உள்ளரங்கம், நீச்சல்குளம், பெண்கள் அணிக்குத் தனி அறைகள் எல்லாம் பழைய பேட்டைக்குள் அடங்குவதில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் வீடுகள் என்று கிளென்ஃபெரி நெருக்குண்டு கிடக்கிறது. ஹாதார்ன் 2006இல் வேவர்லிக்குப் போனது, பிறகு டிங்லிக்கு. எசண்டன் 2013இல் விமான நிலையத்தருகே டல்லமரைனில் பெரிய வளாகம் கட்டிக்கொண்டது. செயின்ட் கில்டா சீஃபோர்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு 2018இல் மூராபினுக்கே திரும்பியது. வெளியேறியவர் திரும்பலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இன்னொரு உரசலும் உண்டு. பொதுப் பூங்கா என்றால் அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை இருக்கிறது. கிளப் தங்கினால் கட்டடமும் வேலியும் வளரும். கிளப் போனால் புல் வெட்டும் செலவு நகராட்சியின் தலையில் விழும். இந்த இழுபறி எந்த ஊரிலும் தீராது.

வரைபடத்தில் தேடினால் கிடைக்கவில்லை. பெயரை எப்படிச் சொல்லிக் கேட்பது?

விளம்பரதாரரின் பெயரைச் சொல்லாதீர்கள். பிரின்சஸ் பார்க் ஒருகாலத்தில் ஆப்டஸ் ஓவல், பிறகு வேறு பெயர்கள், இப்போது ஐகான் பார்க். ஆப்டஸ் ஸ்டேடியம் என்று தேடினால் பெர்த்துக்கு வழி காட்டும். என் தங்கை மகன் ஒருமுறை அப்படித் தேடிவிட்டு, 36 மணி நேரம் கார் ஓட்ட வேண்டுமா மாமா என்று கேட்டான். விட்டன் ஓவலை வயதானவர்கள் இன்னும் வெஸ்டர்ன் ஓவல் என்பார்கள். 1995இல் இறந்த ஃபுட்ஸ்கிரேயின் பழைய வீரர் டெட் விட்டனின் பெயரை வைத்தார்கள். தெருப் பெயரோடு கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். விக்டோரியா பார்க்குக்கும் கிளென்ஃபெரிக்கும் அதே பெயரில் ரயில் நிலையங்கள் இருப்பது வசதி.

பெரிய ஆட்டங்கள் பேட்டை மைதானத்துக்குத் திரும்புமா?

வழக்கமாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாவது பதிலில் சொன்ன கணக்கு மாறவில்லை. 2023இல் எல்லா அணிகளும் அடிலெய்டில் கூடிய வாரக்கடைசியில் நார்வுட் ஓவலில் ஏஎஃப்எல் ஆட்டம் நடத்தினார்கள், டிக்கெட்டுக்கு அடிதடி. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாபோல நடத்த முடியும், ஆண்டு முழுக்க முடியாது.

ஆனால் விஎஃப்எல் என்ற பழைய பெயர் இப்போது இரண்டாம் நிலைப் போட்டிக்கு இருக்கிறது. அந்த ஆட்டங்கள் விக்டோரியா பார்க்கிலும் விட்டன் ஓவலிலும் பிரின்சஸ் பார்க்கிலும் நடக்கின்றன. போன குளிர்காலத்தில் பெரியப்பாவை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். கால்பகுதி மணி அடித்ததும் கூட்டம் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் இறங்கியது. பயிற்சியாளர் வீரர்களைத் திட்டிக்கொண்டிருந்ததைச் சுற்றி நின்று கேட்டார்கள், பிள்ளைகள் பந்து உதைத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகப் பெரியப்பாவும் இறங்கினார். சேற்றில் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டது. மறுபடி மணி அடித்து எல்லோரும் வேலிக்கு வெளியே ஓடியபோதும் அவர் அதைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தார். நடுவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.